கடலுக்குள் இறங்குமுன்: முக்குளிப்பும் நம் உடலும்

புதுக்கோட்டை மாவட்டத்திற்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரை உண்டு. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் எனத் தொடரும் இக்கரையில் கடலுக்குச் செல்வது தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகவே இருந்து வந்துள்ளது. அண்மைக் காலத்தில் அதே கடல் பொழுதுபோக்கிற்கும் உரியதாகி வருகின்றது. விடுமுறையில் ராமேஸ்வரம், புதுச்சேரி, அந்தமான் முதலிய இடங்களுக்குச் செல்லும் குடும்பங்கள், முன்பயிற்சி இல்லாதோர்க்கென நடத்தப்படும் ஒருநாள் ஸ்கூபா முக்குளிப்பில் ஆர்வத்துடன் சேர்கின்றன.

நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்வோர் இறங்கலாமா, இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்க்கு இது தகுமா, சிறுவயதில் மூச்சிரைப்பு இருந்த மகனை அனுமதிக்கலாமா என்பன போன்ற ஐயங்கள் எழுவது இயல்பே. இவற்றைப் பயணத்திற்குப் பின்னர் கேட்பதைவிட முன்னரே கேட்பது நன்று. கேள்வி எழும்போதே, 'ஆழம் அதிகமில்லையாம், தண்ணீரும் வெதுவெதுப்பாகத்தான் இருக்குமாம்' என்ற ஆறுதலும் உடன் எழுகின்றது. அந்த ஆறுதல் எவ்வளவு தூரம் மெய் என்பதையே இக்கட்டுரையில் விளக்க விரும்புகின்றோம்.

நம் கடலின் இயல்பு

நம் கரையை ஒட்டியிருப்பது பாக் நீரிணையும் அதனைச் சார்ந்த பாக் விரிகுடாவும் ஆகும். 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பாக்கின் பெயரால் இது வழங்கப்படுகின்றது. இந்தியாவிற்கும் இலங்கைக்கும் நடுவே அமைந்த இக்கடல் மிகவும் ஆழம் குறைந்தது; பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டருக்கு உட்பட்டதே. ஆண்டு முழுவதும் நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

எனினும் வெதுவெதுப்பான நீர் தெளிந்த நீராக இருக்க வேண்டும் என்பதில்லை. நம் கரையோரக் கடலடி பெரிதும் சேறும் மணலும் கலந்தது. காற்று வலுத்தால் அடிச்சேறு எழும்பி, கையெட்டும் தொலைவில் இருப்பதுகூடத் தெரியாமற்போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின்போது கடல் கொந்தளிப்பும் கலங்கலும் மிகும். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலை நம் மாவட்டத்தார் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். எம்மாதமாயினும் அன்றைய வானிலை எச்சரிக்கையை அறியாமல் இறங்குதல் கூடாது. பார்வைத் திறன் குறைந்த நீரில் உடன் வந்தவரை விட்டுப் பிரிவதும், பதற்றமுற்று விரைந்து மேலேறுவதும் எளிதில் நேரும். அப்பதற்றமே பல விபத்துகளின் தொடக்கம்.

புல்வெளியில் மேயும் ஆவுளியா

நம் கடலின் பெருஞ்செல்வம் கடற்புல் ஆகும். ஆழம் குறைந்திருப்பதால் சூரிய ஒளி அடிவரை இறங்குகின்றது. அவ்வொளியில் கடலடியில் புல்வெளிகள் படர்கின்றன. இறாலும், நீலக்கால் நண்டும், ஓரா மீனும், கடற்குதிரையும், கடல் அட்டையும் இவற்றை அண்டி வாழ்கின்றன. பேராமை இப்புல்லை மேய்கின்றது.

இப்புல்லையே நம்பி வாழும் பேருயிர் கடற்பசு. நம் கரையோர மக்கள் இதனை ஆவுளியா என்று அழைப்பர். மூன்று மீட்டர் வரை நீளமும் பல நூறு கிலோ எடையும் கொண்ட இவ்வுயிர் மீனன்று. நம்மைப் போன்றே குட்டியீன்று பாலூட்டும் விலங்கு. நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை கடற்புல்லைத் தின்னக்கூடியது. இதனைக் காக்கும் பொருட்டு 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரமாகப் பாக் விரிகுடாவின் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதற் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையில் சிக்கிய கடற்பசுவை உயிருடன் விடுவிக்கும் மீனவர்க்கு வனத்துறை ஊக்கத்தொகையும் வழங்கி வருகின்றது.

ஆவுளியாவின் வாழ்க்கையிலிருந்து நமக்கு வேண்டிய மருத்துவப் பாடம் ஒன்றும் உண்டு. அது மேற்பரப்பில் மூச்சை இழுத்து, அதனை அடக்கிக்கொண்டு மூழ்கி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மீண்டும் மேலே வருகின்றது. தூத்துக்குடிப் பகுதியில் முத்துக்கும் சங்குக்கும் மூழ்கிய நம் முன்னோரும் அவ்வாறே மூச்சடக்கி இறங்கினர். ஸ்கூபா கருவியோ முற்றிலும் வேறானது. 1943இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் கஞ்ஞானும் வடிவமைத்த மூச்சுக்கருவியிலிருந்து வளர்ந்த இம்முறையில், முக்குளிப்போர் நீருக்கடியிலேயே இடைவிடாது மூச்சு விடுகின்றனர். அம்மூச்சு சாதாரணக் காற்றன்று. சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஈடாக அழுத்தப்பட்ட காற்று. இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே ஸ்கூபாவிற்கே உரிய பெருந்தீங்குகள் பிறக்கின்றன.

முதல் பத்து மீட்டரே கவனத்திற்குரியது

நிலத்தில் நிற்கும்போது நம்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் உள்ளது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் மேலும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. ஆகவே 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகும். ஒரு பையிலுள்ள காற்று அங்குப் பாதியாகச் சுருங்கும். 20 மீட்டரில் மூன்று மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு.

இக்கணக்கை மேலேறும் திசையில் நோக்குவோம். 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வரும்போது காற்று மூன்றில் ஒரு பங்கே கூடுதலாக விரிகின்றது. ஆனால் 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது அதே காற்று இரு மடங்காக விரிகின்றது. அதாவது, உடலினுள் இருக்கும் காற்று மிகப் பெரிய மாற்றத்தைக் காண்பது ஆழ்கடலில் அன்று. முதல் 10 மீட்டரில்தான். புதியோர் பெரும்பாலும் இறக்கப்படுவதும் இவ்வாழத்திலேயே. 'ஆழமில்லை, ஆகவே அபாயமில்லை' என்பது இதனால்தான் பிழையாகின்றது.

காதுதான் இதனை முதலில் உணரும். நடுச்செவியிலிருந்து தொண்டைக்குச் செல்லும் சிறு குழல் வழியாகக் காற்றைச் சமன்செய்யாவிடில், செவிப்பறை உள்நோக்கி அழுத்தப்பட்டு வலிக்கும். சில வேளைகளில் கிழியவும் கூடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்மையாக ஊதியும் எச்சிலை விழுங்கியும் ஒவ்வொரு மீட்டர் இறங்கும்போதும் சமன்செய்ய வேண்டும். வலி தோன்றிய பின் வலுவாக ஊதுவது உட்செவியைக் கெடுக்கும். சற்று மேலேறிப் பின் முயல்வதே முறை. சளி, மூக்கடைப்பு உள்ள நாளில் இக்குழல் அடைபட்டிருக்கும். அன்று இறங்காதிருப்பதே அறிவுடைமை.

நுரையீரலின் ஆபத்து இதனினும் கொடியது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி ஒருவர் மேலேறினால், அக்காற்று இரு மடங்காக விரிய முயலும். நுரையீரலின் நுண்ணறைகள் அதனைத் தாங்கமாட்டா. அவை கிழிந்து காற்று இரத்தத்தில் கலந்தால், மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்துப் பக்கவாதம் போன்ற நிலையை உடனே ஏற்படுத்தும். இது நேர ஓரிரு மீட்டர் ஆழமே போதும். நீச்சற்குளப் பயிற்சியிலும் நேரக்கூடும். 'மூச்சை ஒருபோதும் அடக்காதே' என்பது ஸ்கூபா பயிற்சியின் முதல் விதியாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

ராமேஸ்வரத்திலிருந்து கொடைக்கானலுக்கு

அழுத்தப்பட்ட காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். ஆழத்தில் மூச்சுவிடும்போது இவ்வாயு இரத்தத்திலும் தசைகளிலும் கூடுதலாகக் கரைகின்றது. மெல்ல மேலேறினால் அது நுரையீரல் வழியாகத் தீங்கின்றி வெளியேறும். விரைந்து ஏறினால், மூடியைத் திறந்த சோடாப் புட்டியைப் போல உடலினுள்ளேயே குமிழிகள் தோன்றும். 1878இல் பிரெஞ்சு அறிஞர் பால் பேர் இதன் காரணத்தை விளக்கினார். 1908இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் படிப்படியாக மேலேறும் முறையை வகுத்தார். இன்றும் நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறுவதும், 5 மீட்டர் ஆழத்தில் சுமார் 3 நிமிடம் நிற்பதும் வழக்கில் உள்ளன.

குமிழி நோயின் அறிகுறிகள் நீரிலிருந்து ஏறிய சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தோன்றும். பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் வெளிப்பட்டுவிடும். தோள், முழங்கை, முழங்கால் மூட்டுகளில் ஆழ்ந்த வலி, அளவு மீறிய களைப்பு, தோலில் புள்ளிகளும் அரிப்பும், கைகால் மரத்துப்போதல், தலைச்சுற்றல், நடை தடுமாறுதல், சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியன அவை. படகில் சிலிண்டர் தூக்கியதால் வந்த வலி என்று தைலம் தடவிக்கொண்டு உறங்கிவிடுவதே பலர் செய்யும் பிழை.

நம் மாவட்டத்துக் குடும்பங்கள் தனித்துக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. காலையில் ராமேஸ்வரம், மாலையில் கொடைக்கானல் எனச் சுற்றுலாவை அமைப்போர் பலர். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலையேறும்போது காற்றழுத்தம் குறைவதால், உடலில் எஞ்சியிருக்கும் நைட்ரஜன் குமிழியாக மாறக்கூடும். வானூர்திப் பயணத்திற்கும் இதே காரணம் பொருந்தும். ஒரே ஒரு முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறையோ பல நாட்களோ மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். முழுதாக 24 மணி நேரம் விடுதல் இன்னும் பாதுகாப்பானது. எனவே மலையை முதலிலும் கடலை இறுதியிலும் வைத்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள்.

படகிலுள்ள இயந்திரத்திலிருந்து குழாய் வழியாகக் காற்றை வாங்கி மூழ்கித் தொழில் செய்வோர்க்கும் மேற்கூறிய அனைத்தும் பொருந்தும். மூட்டுவலியைத் தொழிலோடு வந்த வலி என்று பொறுத்துக்கொள்ளாமல் எங்களிடம் வந்து கூறுமாறு வேண்டுகின்றோம்.

யார் மருத்துவரைக் கேட்காமல் இறங்கலாகாது?

முக்குளிப்பு மையங்கள் இறங்குமுன் உடல்நலம் பற்றிய வினாப்படிவம் ஒன்றைத் தரும். எல்லாவற்றிற்கும் 'இல்லை' என்று குறித்துவிட்டால் விரைவில் இறங்கிவிடலாம் என்ற எண்ணத்தில் பலரும் அதனைப் படியாமலே கையொப்பமிடுகின்றனர். அப்படிவம் வெறும் சடங்கன்று. பயிற்றுநர் உங்களை எவ்வளவு ஆழத்திற்கு அழைத்துச் செல்வது, அழைத்துச் செல்லவே கூடுமா என்பதை அதனைக் கொண்டே முடிவு செய்கின்றார்.

நுரையீரல் தானாகக் கிழிந்து மார்புக்கூட்டில் காற்று புகுந்த வரலாறு உடையோர் ஸ்கூபாவை முற்றிலும் தவிர்க்க வேண்டும். காசநோய் குணமான பின்னும் நுரையீரலில் தழும்போ குழியோ எஞ்சியிருக்கலாம். அங்கே காற்று சிறைப்பட்டால் மேலேறும்போது ஆபத்து நேரும். எனவே சிகிச்சை முடிந்து ஆண்டுகள் பல ஆகியிருப்பினும் மார்பு ஊடுகதிர்ப் படத்துடன் மருத்துவரைக் காணுங்கள். ஆஸ்துமா உள்ளோர்க்கும் இதே நியாயம் பொருந்தும். குளிர்ந்த காற்றாலோ கடும் உழைப்பாலோ மூச்சிரைப்பு வருவோர் இறங்கலாகாது.

வலிப்பு நோய் உள்ளோர் நீருக்கடியில் ஒரு கணம் நினைவிழந்தாலும் வாயிலுள்ள மூச்சுக்கருவி நழுவிவிடும். மாத்திரையால் வலிப்பு கட்டுக்குள் இருப்பதாலேயே அனுமதி கிடைத்துவிடாது. இன்சுலின் செலுத்துவோர்க்குச் சர்க்கரை தாழும்போது தோன்றும் நடுக்கமும் குழப்பமும் கடலின் அச்சத்தோடு கலந்து கண்டறிய இயலாமற்போகும். கருவுற்ற தாய்மார் மூழ்குதல் கூடாது. சிசுவைக் குமிழிகளிலிருந்து காக்க வழியில்லை. செவிப்பறையில் துளை உள்ளோரும், அண்மையில் காது, கண், மார்பு, வயிறு ஆகியவற்றில் அறுவை செய்துகொண்டோரும் காத்திருக்க வேண்டும்.

இதயத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. கழுத்தளவு நீரில் நின்றாலே கால்களிலிருந்து அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் மார்பை நோக்கித் திரும்புகின்றது. இதயத்தின் சுமை உடனே கூடுகின்றது. பொழுதுபோக்கு முக்குளிப்பில் நேரும் இறப்புகளில் கணிசமான பங்கிற்கு இதய நோயே காரணமாக அறியப்பட்டுள்ளது. மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர், 45 வயதைக் கடந்து புகைபிடிப்பவர் ஆகியோர் இதய மருத்துவரின் பரிசோதனைக்குப் பின்னரே முடிவெடுக்க வேண்டும். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகின்றது என்றால், கடல் நீரோட்டத்தை எதிர்த்து நீந்த அவ்வுடல் ஆயத்தமாக இல்லை என்று பொருள்.

கொட்டும் உயிர்களும் திறந்த புண்ணும்

கடலுயிர்கள் நம்மைத் தேடி வந்து தாக்குவதில்லை. மிதிக்கப்பட்டாலோ தொடப்பட்டாலோதான் அவை தற்காத்துக்கொள்கின்றன. எதனையும் தொடாதிருப்பது நமக்கும் நன்று, அவற்றுக்கும் நன்று. கடற்குதிரையும் கடல் அட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை என்பதையும் நினைவிற்கொள்க.

திருக்கை, கடற்கெளுத்தி முதலியவற்றின் முள் குத்தினால், கையையோ காலையோ பொறுக்கும் அளவு சூடான நீரில், அதாவது சுமார் 45 பாகை செல்சியசுக்கு மிகாத சூட்டில், 30 முதல் 90 நிமிடம் வரை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். நீரின் சூட்டை உடனிருப்பவர் தம் கையால் சோதித்துச் சொல்ல வேண்டும். நீரிழிவால் கால் உணர்வு மங்கியவர் தாமே சூட்டைக் கணித்தால், வலி தீருமுன் கால் வெந்துவிடும். மார்பிலோ வயிற்றிலோ ஆழப் பதிந்த முள்ளைப் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

சொறி எனப்படும் இழுதுமீன் தீண்டினால் மணலால் தேய்த்தலும் நன்னீரால் கழுவுதலும் கூடா. கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைக் குறடால் அகற்றுங்கள். மூச்சுத்திணறலோ மயக்கமோ தோன்றினால் 108 அவசர ஊர்தியை உடனே அழையுங்கள். கடற்பாம்பு கடித்த இடத்தில் வலி பெரும்பாலும் இராது. சில மணி நேரம் கழித்தே தசைவலியும், இமை தொய்தலும், கருஞ்சிவப்புச் சிறுநீரும் தோன்றும். வலியில்லை என்று வீட்டிலிருத்தல் ஆகாது.

வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ எனும் பாக்டீரியா இனம் செழிக்கும். அவற்றுள் ஒரு வகையான விப்ரியோ வல்னிஃபிகஸ், ஆற்றுநீர் கலக்கும் முகத்துவாரங்களை விரும்பும். நலமுள்ளோர்க்கு அது அரிதாகவே தீங்கு செய்யும். கல்லீரல் இழைநார் நோய், கட்டுக்கடங்காத நீரிழிவு, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து ஆகியவை உள்ளோர்க்கோ, ஒரு சிறு புண்ணின் வழியே புகுந்து, ஒரே நாளில் உயிருக்கே ஊறு விளைக்கக்கூடும். ஆறாத புண் உள்ளவர் கால் நனைக்கவும் கடலில் இறங்க வேண்டாம். கடலில் இறங்கிய பின் புண்ணைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, கொப்புளமும் காய்ச்சலும் வந்தால், 'கடல்நீரில் இறங்கினேன்' என்பதை மருத்துவரிடம் முதற்சொல்லாகக் கூறுங்கள். தேர்ந்தெடுக்கும் மருந்தையே அச்சொல் மாற்றும்.

உடன் செல்லும் குடும்பத்தார்க்கு

முக்குளித்தவர் மேலேறிய பின் முதல் ஒரு நாள் அவரைக் கவனிப்பது உங்கள் பொறுப்பு. மேற்கூறிய அறிகுறி எதுவாயினும் தோன்றினால் செய்ய வேண்டியவை இவை:

1. அவரைத் தட்டையாகப் படுக்க வையுங்கள். நடக்க வைக்காதீர்கள்.
2. முக்குளிப்பு மையத்திலுள்ள தூய ஆக்சிஜனை உடனே கொடுக்கச் சொல்லுங்கள். அது இருக்கின்றதா என்பதைப் பணம் செலுத்துமுன்னரே கேட்டறியுங்கள்.
3. நினைவு தெளிவாக இருந்து, வாந்தி இல்லையெனில் நீர் அருந்தக் கொடுக்கலாம். மது கூடவே கூடாது.
4. 'மீண்டும் மூழ்கினால் சரியாகிவிடும்' என்று யார் கூறினும் இணங்காதீர்கள்.
5. எத்தனை மீட்டர் ஆழம், எவ்வளவு நேரம், எத்தனை முறை, எப்போது ஏறினார் என்பவற்றை எழுதி வைத்து மருத்துவரிடம் கொடுங்கள்.

இந்நோய்க்கு உரிய சிகிச்சை உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் அளிக்கப்படுவது. அவ்வறை எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. கடற்படை மருத்துவமனைகளிலும் பெருநகர மருத்துவமனைகள் சிலவற்றிலும் உண்டு. ஆதலால் முதலில் அருகிலுள்ள மருத்துவமனையில் ஆக்சிஜனும் முதற்சிகிச்சையும் பெற்று, அங்கிருந்து அனுப்பப்படுவதே முறை. காலந்தாழ்த்தும் ஒவ்வொரு மணி நேரமும் நரம்புகளுக்கு நேரும் கேட்டை நிலைபெறச் செய்யும்.

வீட்டில் நோயுற்றவரின் வரலாற்றை அவரைவிட நன்கறிந்தவர்கள் நீங்களே. பழைய காசநோயையோ சிறுவயது மூச்சிரைப்பையோ அவர் மறந்திருப்பினும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். படிவத்தில் எழுதும்போது அருகிலிருந்து நினைவூட்டுங்கள். பலர் முன்னிலையில் தடுப்பதற்கு மனம் கூசலாம். மருத்துவர் வேண்டாம் என்றார் என எங்கள்மேல் பழியை இட்டுவிடுங்கள். அதனை ஏற்றுக்கொள்வதில் எங்களுக்கு மகிழ்ச்சியே.

மூழ்க இயலாது என்று அறிந்தோர்க்குக் கடல் மறுக்கப்பட்டுவிடவில்லை. கண்ணாடித் தளம் அமைந்த படகிலிருந்து பவளப்பாறையைக் காணலாம். மீமிசலை அடுத்த முத்துக்குடாவில் அலையாத்திக் காட்டினூடே படகில் செல்லலாம். பங்குனி மாதக் காலைப்பொழுதில் மணமேல்குடிக் கரையில் காலாற நடக்கலாம்.

பயணம் முடிவானவுடன், ஓரிரு வாரங்களுக்கு முன்னரே எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். பழைய மருத்துவச் சீட்டுகள், இப்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியல், முக்குளிப்பு மையம் தந்த வினாப்படிவம் ஆகிய மூன்றையும் கொண்டு வந்தால், ஒவ்வொரு கேள்வியையும் உங்களோடு அமர்ந்து படித்து முடிவு கூறுவோம்.